குழந்தைகளின் இதய வால்வுத் திசுவின் உயிரி விசையியல்

குழந்தைகளின் இதய வால்வுத் திசுவின் உயிரி விசையியல் என்பது, குழந்தைகளின், குறிப்பாகப் பிறவி இதயக் குறைபாடுகளுடன் பிறக்கும் குழந்தைகளின் இதய வால்வு இதழ்கள் விசைக்கு உட்படும்போது எவ்வாறு நீள்கின்றன, வளைகின்றன, தடிக்கின்றன, கிழிகின்றன என்பதை ஆராயும் துறையாகும். மருத்துவம், பொருளறிவியல், துணித் தொழில்நுட்பம் ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில் இத்துறை உள்ளது. இதய வால்வு தமிழில் இதய அடைப்பிதழ் என்றும், திசு இலங்கை வழக்கில் இழையம் என்றும் அழைக்கப்படும்.

வால்வு இதழின் பண்புகள் நெய்த துணியைவிடப் பின்னல் துணியின் பண்புகளையே பெரிதும் ஒத்தவை. மேலும், அறுவை மருத்துவத்தில் பயன்படும் செயற்கைக் குழாய்களும் வால்வுகளின் தையல் வளையங்களும் பின்னல் துணியாலும் ஆனவை. ஆகவே திருப்பூர், கோவை வட்டாரப் பின்னலாடைத் தொழிலில் பழக்கமான துணி வகைகள் இக்கட்டுரையில் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

வால்வுகளும் அவற்றின் வேலையும்

மனித இதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையே இடப்பக்கம் மைட்ரல் வால்வும் வலப்பக்கம் மூவிதழ் வால்வும் அமைந்துள்ளன. இவற்றின் இதழ்கள் நாண்களால் கீழறைத் தசையுடன் கட்டப்பட்டுள்ளன. கீழறைகளிலிருந்து குருதி வெளியேறும் வாயில்களில் பெருந்தமனி வால்வும் நுரையீரல் தமனி வால்வும் உள்ளன. இவற்றுக்கு நாண்கள் இல்லை. பிறை வடிவிலான மூன்று இதழ்கள் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு மூடுகின்றன.

வால்வுக்கெனத் தனித் தசை இயக்கம் ஏதும் இல்லை என்றே கூறலாம். இருபக்க அழுத்த வேறுபாடே அதனைத் திறக்கிறது, மூடுகிறது. நிமிடத்துக்கு 72 முறை துடிக்கும் இதயத்தின் வால்வு ஒரு நாளில் 1,03,680 முறை திறந்து மூடும். நிமிடத்துக்கு 130 முறை துடிக்கும் கைக்குழந்தையின் இதயத்தில் இவ்வெண்ணிக்கை 1,87,200 ஆகும். அதாவது வளர்ந்தவரின் வால்வு ஓராண்டில் ஏறத்தாழ 3.8 கோடி முறையும், கைக்குழந்தையின் வால்வு அதே காலத்தில் ஏறத்தாழ 6.8 கோடி முறையும் வளைந்து நிமிர்கின்றன. குழந்தைகளுக்குப் பொருத்தப்படும் செயற்கை வால்வுகள் விரைந்து பழுதடைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதழின் உள்ளமைப்பு

வளர்ந்த ஒருவரின் பெருந்தமனி வால்வு இதழ் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்புடையது. இந்த மெல்லிய இதழுக்குள் மூன்று அடுக்குகள் உள்ளன.

பெருந்தமனிப் பக்கம் உள்ள நாரடுக்கில் கொலாஜன் இழைகள் இதழின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, அதாவது வட்டத்தின் சுற்றுத் திசையில், ஊஞ்சல் கயிறு போலப் படுத்துள்ளன. கீழறைப் பக்கம் உள்ள அடுக்கில் எலாஸ்டின் இழைகள் ஆரத் திசையில், அதாவது வளையத்திலிருந்து மையத்தை நோக்கி, அமைந்துள்ளன. இடையில் உள்ள பஞ்சடுக்கு நீரை உறிஞ்சிவைக்கும் சர்க்கரைச் சங்கிலி மூலக்கூறுகளால் நிறைந்தது. இதழ் வளையும்போது மேலடுக்கும் கீழடுக்கும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர இந்தப் பஞ்சடுக்கே இடமளிக்கிறது. ஒட்டப்பட்ட இரண்டு தாள்களை வளைப்பது கடினம்; ஒட்டாமல் அடுக்கிய இரண்டு தாள்களை வளைப்பது எளிது. இயற்கை கையாளும் வழி இரண்டாவது.

மூன்று அடுக்குகளிலும் உயிருள்ள செல்கள் உள்ளன. அவை உணரும் விசைக்கு ஏற்பப் பழைய இழைகளைச் சிதைத்துப் புதிய இழைகளைச் சுரக்கின்றன. நாள்தோறும் துவைத்து உடுத்தும் பனியனின் கழுத்துப்பட்டை சில மாதங்களில் தளர்ந்துபோகிறது. அதனினும் மெல்லிய வால்வு இதழ் ஒரு வாழ்நாளில் 250 கோடிக்கும் மேற்பட்ட தடவை வளைந்தும் தளராமல் இருப்பதற்கு இழையின் வலிமை மட்டும் காரணமன்று. இச்செல்களின் இடைவிடாத பழுதுபார்ப்பும் காரணமாகும்.

பின்னல் துணியுடன் ஒப்பீடு

நெய்த துணியில் பாவும் ஊடையும் ஏறத்தாழ நேராக ஓடுகின்றன. இழுத்தவுடன் நூலே விசையைத் தாங்கத் தொடங்கிவிடும். துணி அதிகம் நீளாது. பின்னல் துணியில் நூல் கண்ணிகளாக வளைந்து கிடக்கிறது. இழுக்கும்போது முதலில் கண்ணிகள் உருமாறி நிமிர்கின்றன. இக்கட்டத்தில் மிகச் சிறு விசைக்கே துணி நிறைய நீளுகிறது. கண்ணிகள் நிமிர்ந்து முடிந்தபின் நூல் நேரடியாக இழுபடுகிறது. அதற்குமேல் துணி சட்டென்று விறைக்கிறது. நீட்சியைக் கிடை அச்சிலும் விசையை நிலை அச்சிலும் வைத்து வரைந்தால், தொடக்கத்தில் படுத்துக் கிடந்து பின்னர் செங்குத்தாக எழும் வளைகோடு கிடைக்கும்.

வால்வு இதழைப் பொறியில் பிடித்து இழுத்தாலும் இதே வடிவ வளைகோடே கிடைக்கிறது. தளர்ந்த நிலையில் கொலாஜன் இழைகள் அலை அலையாகச் சுருண்டுள்ளன. சிறு விசையில் அலைகள் நிமிர்கின்றன, இதழ் எளிதில் விரிகிறது. அலைகள் நிமிர்ந்தபின் கொலாஜன் நேரடியாக விசையைத் தாங்குகிறது, இதழ் விறைத்து நின்றுவிடுகிறது. வால்வு மூடும் கணத்தில் இதழ்கள் தாராளமாக விரிந்து ஒன்றையொன்று தொடவேண்டும். தொட்டபின் மேலும் விரிந்து பின்புறம் பிதுங்கிவிடக் கூடாது. முரண்பட்ட இவ்விரு தேவைகளையும் ஒரே பொருள் நிறைவேற்றுவது இவ்வளைகோட்டினால்தான்.

எலாஸ்டினின் பங்கை லைக்ரா கலந்த சிங்கிள் ஜெர்சி துணியைக்கொண்டு விளக்கலாம். அத்துணியில் பருத்தி நூல் வலிமையைத் தருகிறது. லைக்ரா இழை, நீண்ட கண்ணிகளை மீண்டும் பழைய இடத்துக்கு இழுத்துவருகிறது. வால்வில் கொலாஜன் பருத்தியின் இடத்திலும் எலாஸ்டின் லைக்ராவின் இடத்திலும் உள்ளன. எலாஸ்டின் சிதைந்தால் இதழ் உடனே கிழிந்துவிடாது. தளர்ந்து, நீண்டு, தொய்ந்துபோகும்.

மற்றோர் ஒற்றுமை திசைசார் பண்பு ஆகும். சிங்கிள் ஜெர்சி துணி அகலவாட்டில் அதிகமாகவும் நீளவாட்டில் குறைவாகவும் நீளும். வால்வு இதழ் ஆரத் திசையில் அதிகமாகவும் சுற்றுத் திசையில் குறைவாகவும் நீளும். பெருந்தமனி வால்வு இதழின் விறைப்புக் குணகம் சுற்றுத் திசையில் ஏறத்தாழ 15 மெகாபாஸ்கல், ஆரத் திசையில் ஏறத்தாழ 2 மெகாபாஸ்கல் எனப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது.

இதன் காரணமாகச் சோதனை முறையிலும் ஒற்றுமை உண்டு. நெய்த துணியின் வலிமையைப் பட்டையாக வெட்டி ஒரு திசையில் இழுத்துப் பார்க்கலாம். பின்னல் துணியை அவ்வாறு இழுத்தால் அது பக்கவாட்டில் சுருங்கித் தவறான விடை தரும். ஆகவே திருப்பூர்ச் சோதனைக் கூடங்களில் துணியை வளையத்தில் பிடித்து அடியிலிருந்து ரப்பர் சவ்வை உப்பவைத்து வெடிப்பு வலிமை அளக்கப்படுகிறது. வால்வு இதழும் இவ்வாறே இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் இழுத்துச் சோதிக்கப்படுகிறது.

ஒப்பீட்டுக்கு எல்லை உண்டு. கொலாஜன் இழைகள் சுருண்டவையே அன்றிக் கண்ணிகளாகப் பின்னப்பட்டவை அல்ல. துணிக்கு வளர்ச்சியும் இல்லை.

இதழ் தாங்கும் விசை

வளைந்த சவ்வு ஒன்றில் ஏற்படும் இழுவிசை, அதன்மீதுள்ள அழுத்தத்தையும் வளைவின் ஆரத்தையும் பெருக்கக் கிடைக்கும் தொகையைப் பொறுத்தது. இது லாப்லாசின் விதி எனப்படும். இதழை உருளைப் பரப்பின் ஒரு பகுதியாகக் கொண்டு தோராயமாகக் கணக்கிடலாம். வளர்ந்தவரின் பெருந்தமனி வால்வு மூடியிருக்கையில் அதன் மேலுள்ள அழுத்தம் 80 மி.மீ. பாதரசம், அதாவது ஏறத்தாழ 10.7 கிலோபாஸ்கல். ஆரத்தை 12 மி.மீ. எனக் கொண்டால் இழுவிசை மீட்டருக்கு 128 நியூட்டன் வருகிறது. ஒரு செ.மீ. அகலமுள்ள இதழ்ப் பட்டையில் 130 கிராம் எடையைத் தொங்கவிட்டதற்கு இது சமம். பிறந்த குழந்தைக்கு அழுத்தத்தை 40 மி.மீ. பாதரசம் என்றும் ஆரத்தை 4 மி.மீ. என்றும் கொண்டால், அதே அகலப் பட்டையில் ஏறத்தாழ 20 கிராம் எடையே தொங்கும்.

குழந்தை வளர வளர அழுத்தமும் கூடுகிறது, ஆரமும் கூடுகிறது. எனவே இழுவிசை இரு வழிகளிலும் பெருகி ஏறத்தாழ ஆறு மடங்காகிறது. இதழ் அதற்கு ஈடுகொடுத்துத் தன்னை வலுப்படுத்திக்கொள்ள வேண்டும்.

கருவிலிருந்து வளர்ச்சி

கருவில் வால்வுகள் முதலில் இதயச் சுவரின் உட்புறத்தில் களி போன்ற மேடுகளாகத் தோன்றுகின்றன. உள்ளுறைச் செல்கள் சில அக்களிக்குள் புகுந்து இழைகளைச் சுரக்கத் தொடங்குகின்றன. மேடுகள் நீண்டு மெலிந்து இதழ்களாகின்றன. இவ்வளர்ச்சியில் குருதியோட்டத்தின் விசைக்கே பங்குண்டு. 2003 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், வரிக்குதிரை மீனின் கருவில் குருதியோட்டம் தடுக்கப்பட்டபோது வால்வுகள் சரிவர உருவாகவில்லை. குறைபாடுள்ள இதயத்தில் ஓட்டம் மாறுகிறது. மாறிய ஓட்டம் வால்வை மேலும் மாற்றுகிறது. பிறவிக் குறைபாடுகளில் எது காரணம், எது விளைவு என்று பிரித்துக் கூறுவது கடினமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

பிறக்கும்போது மூன்று அடுக்குகளும் முழுமையடைவதில்லை. எலாஸ்டின் பிந்தியே உருவாகிறது. அடுக்கமைப்பு பிறப்பை ஒட்டிய வாரங்களில் தொடங்கிக் குழந்தைப் பருவம் முழுவதும் தெளிவு பெறுகிறது. கருவிலும் சிசுவிலும் உள்ள வால்வுச் செல்கள் சுறுசுறுப்பானவை. வளர்ந்தவரிடம் அவை பெரும்பாலும் அமைதி நிலையில் உள்ளன. வயது ஏற ஏறக் கொலாஜன் அளவும் அதன் ஒழுங்கும் கூடுகின்றன, இதழின் நீளும் தன்மை குறைகிறது.

பிறப்புக்கு முன்னர் இரு கீழறைகளிலும் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே பெருந்தமனி, நுரையீரல் தமனி வால்வுகளின் இதழ்கள் அப்போது ஒன்றையொன்று ஒத்துள்ளன. குழந்தை மூச்சுவிடத் தொடங்கியபின் நுரையீரல் பக்க அழுத்தம் இறங்குகிறது, இடப்பக்க அழுத்தம் ஏறுகிறது. அதன்பின் பெருந்தமனி வால்வு இதழ் தடித்து வலுவடைகிறது. நுரையீரல் தமனி வால்வு மெல்லியதாகவே நின்றுவிடுகிறது.

சிசுவின் இதழ் களித்தன்மை மிக்கது என்பதற்கு நடைமுறை விளைவு உண்டு. அறுவையில் போடும் தையல் அத்திசுவை அறுத்துக்கொண்டு வெளிவந்துவிடக்கூடும். மெல்லிய துணியில் தடித்த நூலால் தைத்தால் தையலோரம் கிழிவது போன்றது இது.

பிறவிக் குறைபாடுகளில் திசுவின் நிலை

பிறவி இதயக் குறைபாடுகள் ஆயிரம் பிறப்புகளுக்கு 8 முதல் 9 வரை காணப்படுகின்றன. அவற்றுள் வால்வு தொடர்பானவற்றில் திசுவின் விசையியல் ஒவ்வொரு வகையிலும் வெவ்வேறாக உள்ளது.

இரண்டு இதழ்கள் மட்டுமே கொண்ட பெருந்தமனி வால்வு இவற்றுள் மிகப் பொதுவானது. மக்கள்தொகையில் 1 முதல் 2 விழுக்காட்டினருக்கு இது உண்டு. (மைட்ரல் வால்வைத் தமிழில் ஈரிதழ் வால்வு என்றும் கூறுவர், அது இயல்பான அமைப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.) மூன்றில் இரண்டு இதழ்கள் பிரியாமல் ஒட்டியிருப்பதால் பெரிய இதழின் வளைவு ஆரம் கூடுகிறது. லாப்லாசின் விதிப்படி அதன் இழுவிசையும் கூடுகிறது. திறக்கும்போது வாய் முழு வட்டமாக விரியாமல் மீன் வாய் போல நீள்வட்டமாகிறது. குருதி ஒரு பக்கமாகப் பீய்ச்சிப் பெருந்தமனியின் சுவரை உரசுகிறது. பலருக்குச் சிறுவயதில் தொல்லை ஏதும் தெரிவதில்லை. ஆயினும் நடுவயதிலேயே இதழில் சுண்ணம் படிவதும் பெருந்தமனி விரிவதும் இவர்களிடம் அதிகம். சில குடும்பங்களில் நாட்ச்1 என்னும் மரபணுவின் பிறழ்வு இதனுடன் தொடர்புள்ளது என 2005 இல் கண்டறியப்பட்டது.

நுரையீரல் தமனி வால்வுக் குறுக்கத்தில் இருவகை உண்டு. ஒன்றில் இதழ்கள் மெல்லியவை, ஓரங்கள் மட்டும் ஒட்டியுள்ளன. குழாய்வழி பலூனைச் செலுத்தி உப்பவைத்தால் ஒட்டிய ஓரம் பிரிந்து வால்வு திறக்கிறது. 1982 இல் அறிமுகமான இம்முறை இன்று முதல்நிலைச் சிகிச்சை. மற்றதில் ஓரங்கள் ஒட்டவில்லை. இதழே களிபோல் தடித்து நகர மறுக்கிறது. நூனன் நோய்க்கூட்டம் உள்ள குழந்தைகளிடம் இது மிகுதி. இங்கே பலூனுக்குப் பிரிப்பதற்கு எதுவும் இல்லை; உப்பவைத்தபின் தடித்த இதழ் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது. ஒரே பெயருள்ள நோய்க்கு ஒரே சிகிச்சை ஒருவரிடம் பலித்து மற்றவரிடம் பலிக்காததற்குத் திசுவின் தன்மையே காரணம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஃபாலோவின் நாற்குறையில் கீழறையின் வெளிவாயிலும் நுரையீரல் தமனி வால்வும் குறுகியுள்ளன. அறுவையில் குறுகிய வளையத்தைப் பிளந்து ஒட்டுத்துண்டு வைத்து அகலப்படுத்துவதுண்டு. அடைப்பு நீங்குகிறது, ஆனால் வால்வு மூடாமல் குருதி பின்னொழுகுகிறது. குழந்தை நலமுடன் பள்ளி செல்லும் ஆண்டுகளிலெல்லாம் வலக் கீழறை மெல்ல விரிந்துகொண்டிருக்கும். இதனாலேயே இளமைப் பருவத்தில் பலருக்குப் புதிய நுரையீரல் தமனி வால்வு தேவைப்படுகிறது. "ஆபரேஷன் முடிந்துவிட்டது" என்று தொடர் பரிசோதனையை நிறுத்திவிடுவது இந்நோயில் தீங்கானது.

மேலறை, கீழறை இடைச்சுவர்கள் இரண்டும் இணையாத குறைபாட்டில், டவுன் நோய்க்கூட்டம் உள்ள குழந்தைகளிடம் பெரிதும் காணப்படுவதில், இரு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே வால்வு உள்ளது. எப்ஸ்டீன் குறைபாட்டில் மூவிதழ் வால்வின் இதழ்கள் கருவில் இதயச் சுவரிலிருந்து உரிந்து பிரியாமல் நின்றுவிடுகின்றன. மார்ஃபான் நோய்க்கூட்டத்தில் ஃபிப்ரில்லின் என்னும் புரதக் குறையால் மீள் இழைகள் நலிந்து மைட்ரல் இதழ்கள் தொய்கின்றன.

இந்தியச் சிறுவர்களிடம் வால்வு நோய் என்றாலே பிறவிக் குறைபாடு என்று கொள்ள முடியாது. தொண்டை அழற்சியைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல், பிறக்கும்போது நலமாக இருந்த வால்வையும் தழும்பேற்றி ஒட்டவைக்கிறது. அது தடுக்கக்கூடிய நோய்.

குறுக்கத்தின் அளவை இதய எதிரொலி வரைவு மூலம், திசுவைத் தொடாமலேயே அறியலாம். வால்வைக் கடக்கும் குருதியின் வேகத்தை நொடிக்கு மீட்டரில் அளந்து, அதன் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் அழுத்த வேறுபாடு மி.மீ. பாதரசத்தில் கிடைக்கும். வேகம் 4 எனில் வேறுபாடு 64.

மாற்று வால்வுகளும் வளர்ச்சியும்

பிறந்த குழந்தையின் பெருந்தமனி வால்வு வளையம் ஏறத்தாழ 7 மி.மீ. விட்டமுடையது, வளர்ந்தவருக்கு ஏறத்தாழ 23 மி.மீ. விட்டம் மூன்று மடங்காகும்போது குருதி செல்லும் பரப்பு பத்து மடங்குக்கு மேல் பெருகுகிறது. கடையில் வாங்கும் எந்த வால்வும் இவ்வாறு வளர்வதில்லை. மாற்று வால்வு பொருத்தப்பட்ட குழந்தை ஆடையை விட்டு வளர்வது போல வால்வை விட்டு வளர்ந்துவிடுகிறது. ஆடையைப் போல இதனை எளிதில் மாற்ற முடியாது. ஒவ்வொரு மாற்றமும் நெஞ்சைத் திறக்கும் மற்றோர் அறுவையாகும். முந்தைய அறுவையின் தழும்புகளால் அடுத்தது முன்னதைவிடக் கடினமாகிறது.

இயந்திர வால்வுகள் நீடித்து உழைக்கும். இந்தியாவில் பரவலாகப் பயன்படும் சித்ரா வால்வு திருவனந்தபுரம் சிறீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் மா. ச. வலியத்தான் தலைமையில் உருவாக்கப்பட்டது. முந்தைய மூன்று மாதிரிகள் கைவிடப்பட்டபின், கோபால்ட் உலோகக் கலவைக் கூட்டும், மிகையடர் மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலீன் வட்டும் கொண்ட நான்காம் மாதிரி 1990 திசம்பரில் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் டி.டி.கே. குழுமம் அதனை உற்பத்தி செய்தது. இவ்வால்வை இதயத்துடன் இணைத்துத் தைக்க உதவும் வளையம் பாலியெஸ்டர் பின்னல் துணியால் ஆனது. துணியின் கண்ணிகளுக்குள் உடலின் திசு வளர்ந்து பற்றிக்கொள்கிறது.

குழந்தைகளைப் பொறுத்தவரை இயந்திர வால்வுக்கு இரு தடைகள் உள்ளன. முதலாவது அளவு. 15 மி.மீ. விட்டமுள்ள இயந்திர வால்வுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2018 இல் தான் இசைவளித்தது. இரண்டாவது குருதியுறைவு. இயந்திர வால்வு உள்ளவர் வாழ்நாள் முழுதும் உறைவெதிர் மருந்து உட்கொண்டு, அளவு சரியாக உள்ளதா என்று அடிக்கடி குருதிச் சோதனை செய்துகொள்ள வேண்டும். ஓடி விளையாடி விழும் குழந்தைக்கும், ஒரு நாள் சம்பளத்தை இழந்து மருத்துவமனைக்கு அழைத்துவர வேண்டிய பெற்றோருக்கும் இது சிறிய சுமையன்று. வார்ஃபரின் மருந்து கருவைப் பாதிக்கும் என்பதால் பெண் குழந்தைகளுக்குப் பிற்காலத்திலும் இடர் உண்டு.

விலங்குத் திசு வால்வுகளுக்கு இந்த மருந்துத் தொல்லை குறைவு. பன்றியின் வால்வும் மாட்டின் இதய உறையும் குளூட்டரால்டிஹைடு கரைசலில் பதப்படுத்தப்பட்டுப் பயன்படுகின்றன. பிரான்சின் அலென் கார்ப்பென்டியே 1960களின் பிற்பகுதியில் இம்முறையை வகுத்தார். இக்கரைசல் கொலாஜன் இழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளை ஏற்படுத்துகிறது. திசு அழுகாது, உடல் அதனை அயலாகக் கண்டு தாக்குவதும் குறையும். ஆனால் செல்கள் இறந்துவிடுகின்றன. அடுக்குகள் வழுக்கும் தன்மையும் குறைகிறது.

பதப்படுத்தும் வேளையில் திசு எந்நிலையில் உள்ளது என்பது மிக முக்கியம். தொடக்கக் கால வால்வுகள் உயர் அழுத்தத்தில் வைத்துப் பதப்படுத்தப்பட்டன. கொலாஜன் அலைகள் நிமிர்ந்த நிலையிலேயே உறைந்துபோயின; எளிதில் நீளும் தொடக்கக் கட்டம் இல்லாமற்போய் இதழ் விறைத்தது. லைக்ரா துணியை ஸ்டென்டரில் இழுத்துப் பிடித்துச் சூடேற்றினால் அந்த அகலத்திலேயே அது நிலைத்துவிடுவதைப் பின்னலாடைத் தொழிலில் உள்ளோர் அறிவர். பின்னாளில் அழுத்தமின்றிப் பதப்படுத்தும் முறை வந்தது. அதுபோலவே இதய உறையை எத்திசையில் வெட்டி இதழாக்குவது என்பதும் கவனிக்கப்படுகிறது. துணியின் போக்கைப் பார்த்து மார்க்கர் போடும் கட்டிங் மாஸ்டரின் வேலையை ஒத்தது இது.

முதியவரிடம் பத்து, பதினைந்து ஆண்டுகள் உழைக்கும் திசு வால்வு குழந்தையிடம் சில ஆண்டுகளிலேயே சுண்ணம் படிந்து விறைத்துவிடலாம். எலும்பு வளரும் வயதின் கால்சிய வளர்சிதை மாற்றமும், வலுவான எதிர்ப்பாற்றலும், விரைவான துடிப்பும் இதற்குக் காரணங்கள். பன்னாட்டுத் தர விதி ஐ.எஸ்.ஓ. 5840 இன்படி இத்தகைய வால்வு 20 கோடிச் சுற்றுகள் சோதிக்கப்படுகிறது. வளர்ந்தவருக்கு இது ஐந்தாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு. நிமிடத்துக்கு 130 முறை துடிக்கும் இதயத்துக்கு மூன்றாண்டுக்கும் குறைவு.

உயிருள்ள வால்வே வளரும். 1967 இல் இலண்டனில் டொனால்டு ராஸ் செய்த அறுவை இவ்வுண்மையைப் பயன்படுத்துகிறது. பழுதுற்ற பெருந்தமனி வால்வை நீக்கி, அவ்விடத்தில் அதே குழந்தையின் நுரையீரல் தமனி வால்வை வைத்து, காலியான வலப்பக்கத்தில் கொடையாளரின் வால்வை வைப்பர். ஏறத்தாழ 10 மி.மீ. பாதரச அழுத்தத்துக்குப் பழகிய இதழ் ஒரே நாளில் பல மடங்கு அழுத்தத்தைச் சந்திக்கிறது. அதன் செல்கள் உயிருடன் இருப்பதால் அது தடித்து வலுவடைந்து, குழந்தையுடன் வளரவும் செய்கிறது. ஆயினும் வேர்ப்பகுதி வளர்வதற்குப் பதிலாக வெறுமனே விரிந்துவிடுவதும் உண்டு. மேலும் வலப்பக்கத்தில் வைத்த கொடை வால்வு வளராது; ஒரு வால்வு நோய் இரு வால்வு நோயாக மாறுகிறது என்பது இம்முறையின் மீதுள்ள குறை.

2000 ஆம் ஆண்டு பிலிப் பொன்ஹோஃபர் மாட்டின் கழுத்துச் சிரை வால்வைக் கம்பிவலைக்குள் தைத்து, குழாய்வழியாக 12 வயதுச் சிறுவனின் நுரையீரல் தமனி இடத்தில் பொருத்தினார். மீண்டும் மீண்டும் நெஞ்சைத் திறப்பதை இம்முறை குறைத்துள்ளது. 2022 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையில் பிறந்த குழந்தை ஒன்றுக்கு, கொடையாகப் பெற்ற இதயத்திலிருந்து உயிருள்ள வால்வுகள் மட்டும் மாற்றிப் பொருத்தப்பட்டன. அவ்வால்வுகள் குழந்தையுடன் வளர்ந்தது 2024 இல் வெளியிடப்பட்டது. இம்முறையில் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து தேவைப்படுகிறது.

பின்னல் துணியின் பயன்பாடு

1950களில் ஹூஸ்டன் நகர அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கி, கடையில் வாங்கிய டெக்ரான் பாலியெஸ்டர் துணியைத் தையல் பொறியில் குழாயாகத் தைத்துச் செயற்கைத் தமனி செய்தார். தையல் இல்லாத குழாய் வேண்டிப் பிலடெல்பியா துணித் தொழிற்கல்லூரியின் தாமஸ் எட்மனை நாடினார்; எட்மன் அதற்கெனப் பின்னல் பொறி ஒன்றை வடிவமைத்தார். தொடக்கக் காலப் பின்னல் குழாய்கள் குருதியழுத்தத்தால் ஆண்டுகள் செல்லச் செல்ல விரிந்தன. கண்ணிகள் உருமாறும் அதே இயல்பு இங்கே குறையாயிற்று. நீளவாட்டில் பின்னும் பாவுப் பின்னல் முறை இதனைப் பெரிதும் தணித்தது. வெட்டிய ஓரம் பிரிந்து ஓடாது என்பதும் அம்முறையின் நன்மை.

வால்வையே துணியிலிருந்து வளர்த்தெடுக்கும் ஆய்வுகளும் உள்ளன. உடலில் கரையும் பாலிகாப்ரோலாக்டோன் இழையாலான சட்டகத்தில் செல்களை ஏற்றினால், சட்டகம் கரைவதற்குள் செல்கள் தம் கொலாஜனைச் சுரந்துவிடும் என்பது கருத்து. 2006 இல் நெதர்லாந்தில் வெளியான ஆய்வு ஒன்றில், மின்புலத்தால் நூற்ற மெல்லிழைச் சட்டகமும் பின்னல் சட்டகமும் செயற்கைக் குருதியோட்டத்தில் ஒப்பிடப்பட்டன. முன்னது 6 மணி நேரத்துக்குள் கிழிந்தது. பின்னல் சட்டகம் கிழியாமல் நின்றது. பின்னலின் பெரிய கண்ணிகளில் செல்களைப் பிடித்துவைக்க ஃபைப்ரின் களி நிரப்ப வேண்டியிருந்தது.

திருப்பூரின் வட்டப் பின்னல் பொறிகள் ஆடைக்கானவை. மருத்துவப் பயன்பாட்டுக்கு இழையின் தூய்மை, கண்ணியின் சீர்மை, கிருமிநீக்கம் ஆகியவற்றில் முற்றிலும் வேறான கட்டுப்பாடு வேண்டும். அவ்வட்டாரத்தில் இத்துறைக்கு உரிய நிறுவனம் 1956 இல் கோவையில் நிறுவப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் ஆகும். சிட்ரா எனப்படும் இதில் இந்திய அரசின் ஜவுளி அமைச்சக உதவியுடன் மருத்துவத் துணிகளுக்கான சிறப்பு மையம் அமைந்துள்ளது.

தமிழ்நாட்டில் கண்டறிதல்

வால்வுக் குறைபாடு எவ்வளவு முன்னர் அறியப்படுகிறதோ அவ்வளவுக்குக் கீழறைத் தசை காக்கப்படும். பாலருந்தும்போது வியர்த்தல், மூச்சிரைத்தல், எடை கூடாமை, உதடும் நகமும் நீலமாதல் ஆகியவை சிசுக்களிடம் காணப்படும் அறிகுறிகள். அறிகுறியே இன்றி, மருத்துவர் கேட்கும் முணுமுணுப்பு ஒலியால் மட்டும் தெரியவருவதும் உண்டு.

தமிழ்நாட்டில் 2008 இல் இளம் சிறார் இருதய பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. 2012 இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழும் குழந்தைகளுக்கான இதய அறுவைகள் செய்யப்படுகின்றன. இந்திய அரசு 2013 இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரை அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பரிசோதிக்கிறது. பிறவி இதய நோய் அதன் பட்டியலில் உள்ளது. குறைபாடு கண்டறியப்படும் சிறார் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்படுவர். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12 அன்று திறந்துவைக்கப்பட்டது.

பின்னலாடை நிறுவனங்களில் வேலை செய்யும் குடும்பங்கள் அடிக்கடி இடம் மாறுவதால், முதல் அறுவைக்குப் பிந்தைய பரிசோதனைகள் விட்டுப்போக வாய்ப்பு அதிகம். அறுவைக் குறிப்பும், பொருத்தப்பட்ட வால்வின் வகையும் அளவும் எழுதிய அட்டையும், கடைசி எதிரொலி வரைவு அறிக்கையும் குழந்தையுடன் செல்ல வேண்டிய ஆவணங்களாகும். பல் பிடுங்குவதற்கு முன்னரும் அவ்வட்டையைக் காட்டுதல் வேண்டும். செயற்கை வால்வில் கிருமி தொற்றினால் அது உயிருக்கே ஆபத்தாக முடியும் என்பதால், அதற்கு முன்னதாக நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து தரப்படுகிறது.